வாசகர் கேள்விகள்: ஆமை வராத இரவுக்கும் நோட்டில் இடம் உண்டு

சென்ற இதழில் பக்கத்தின் கடைசியில், லிட்டில் அந்தமானில் ஆமை கணக்கெடுக்கிறவர்களோடு பத்து நாள் தங்கிவிட்டு வந்தேன் என்று ஒரே ஒரு வரி எழுதினேன். வழக்கமாக வருகிற சினிமா, கிரிக்கெட், மாமியார் கேள்விகளெல்லாம் பின்னால் போய்விட்டன, இந்த முறை பை நிறைய ஆமைதான். சரி, இந்த இதழ் முழுக்க அதற்கே.

ஆர்.கே., சென்னை: கடலாமை பார்க்க அந்தமான் வரைக்கும் போகணுமா சார்? பெசன்ட் நகர் கடற்கரையில் ராத்திரி நடந்தாலே பார்க்கலாமே?

தாராளமாகப் பார்க்கலாம். 1988-லிருந்து மாணவர்கள் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரைக்கும் ராத்திரி ராத்திரியாக நடந்து முட்டைகளைப் பாதுகாக்கிறார்கள், நானும் இரண்டு முறை அவர்கள் பின்னால் நடந்து பாதியிலேயே செருப்பைக் கையில் எடுத்தவன்தான். ஆனால் அங்கே வருவது பங்குனி ஆமை, நாற்பது ஐம்பது கிலோ இருக்கும். நான் தேடிப் போனது தோல்முதுகு ஆமை. நம் மீனவர்களில் சிலர் ஏழுவரி ஆமை என்பார்கள், முதுகில் நீளவாக்கில் ஏழு வரப்பு ஓடும். மற்ற ஆமைகளுக்கு இருக்கிற கெட்டி ஓடு இதற்குக் கிடையாது, தடித்த தோல்தான். முட்டையிட வருகிற பெண் ஆமை சாதாரணமாக முந்நூறு, நானூறு கிலோ இருக்கும். 1988-ல் வேல்ஸ் நாட்டுக் கரையில் ஒதுங்கிய ஒன்று 916 கிலோ, அதுவும் ஆண். இந்தியாவில் இன்று இது முட்டையிட ஏறுகிற கரை அந்தமான் நிக்கோபாரில்தான் இருக்கிறது. அதனால் கப்பல் ஏறினேன். பெசன்ட் நகருக்கு ஆட்டோவில் போகலாம் என்பது ஒத்துக்கொள்ள வேண்டிய விஷயம்தான்.

பெயர் வேண்டாம், மதுரை: நாங்கள் குடும்பத்தோடு அந்தமான் போகிறோம். நீங்கள் போன இடத்தையும் பார்த்துவிட்டு வரலாமா?

முடியாது. லிட்டில் அந்தமான் ஒங்கே மக்களின் தீவு, அதில் பெரும்பகுதி பழங்குடிகளுக்கென்று ஒதுக்கப்பட்டது. 1956-லிருந்தே அதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது. அனுமதி இல்லாமல் உள்ளே கால் வைத்தால் வழக்குதான். ஆய்வுக்குப் போகிறவர்களே வனத்துறை, பழங்குடி நலத்துறை என்று தாளோடு மாதக்கணக்கில் அலைகிறார்கள். நான் போனது அப்படி அலைந்தவர்களின் நிழலில். தீவின் துறைமுக ஊரான ஹட்பே வரைக்கும் நீங்கள் போகலாம். போர்ட் பிளேரிலிருந்து (இப்போது ஸ்ரீ விஜயபுரம், ஆனால் டிக்கெட் வரிசையில் நின்ற யாரும் அப்படிச் சொல்லிக் கேட்கவில்லை) கப்பலில் ஏழெட்டு மணி நேரம். அந்த வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர் தமிழில் திட்டியபோதுதான் நான் தவறான ஜன்னலில் நிற்பதே தெரிந்தது. நன்றி ஐயா, நீங்கள் யாரோ.

கல்லூரி மாணவன், நாகர்கோவில்: ராத்திரி முழுக்க என்னதான் செய்வீர்கள்? ஒரு நாள் வேலையைச் சொல்லுங்கள்.

நடப்போம். இதுதான் முழு பதில், மீதி எல்லாம் விளக்கம்.

மாலை ஆறு மணிக்கே சோறு, பருப்பு, கருவாடு. ஏழரைக்கு மேல் இரண்டு இரண்டு பேராகக் கிளம்பி, கரையின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை நடந்து, அங்கே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்ப வேண்டும். விடியும் வரை இதேதான். டார்ச்சில் சிவப்பு செலோபன் தாள் சுற்றியிருக்கும், அதையும் அடிக்கடி போடக் கூடாது. நிலா இல்லாத ராத்திரியில் கரையில் கிடக்கிற கட்டை எல்லாம் ஆமையாகத் தெரியும், கடைசியில் ஆமையையே கட்டை என்று தாண்டிப் போய்விடுவேனோ என்ற பயம் எனக்கு நிஜமாகவே இருந்தது.

ஆமையைத் தேடுகிறோம் என்று சொல்வதே கொஞ்சம் தப்பு. தேடுவது தடத்தை. தோல்முதுகு ஆமை ஏறிய தடம் ஆறடி அகலத்துக்கு, டிராக்டர் ஒன்று கடலிலிருந்து கிளம்பி வந்து யூ டர்ன் அடித்துப் போன மாதிரி இருக்கும். இரண்டு முன் துடுப்பையும் ஒரே நேரத்தில் ஊன்றி உந்துவதால் இரண்டு பக்கமும் சமமாகப் பள்ளம் விழும், நடுவில் வால் இழுத்த கோடு. பங்குனி ஆமையின் தடம் அப்படி இருக்காது, ஒரு கை மாற்றி ஒரு கை வைத்து ஏறும், அதனால் பள்ளங்கள் முன்னும் பின்னுமாக விழும், அகலமும் பாதிக்குக் குறைவு. ஏறிய தடம், இறங்கிய தடம், நடுவில் மண் கிளறிய இடம் இருக்கிறதா, இல்லாமல் சும்மா ஏறித் திரும்பிவிட்டதா என்று பார்த்து நோட்டில் எழுத வேண்டும். எழுதி முடித்ததும் தடத்தின் குறுக்கே காலால் அழுத்தி ஒரு கோடு இழுக்க வேண்டும். இந்தக் கோடு இருந்தால் இது கணக்கில் வந்துவிட்டது, திரும்பி வரும்போது மறுபடி எண்ணாதே என்று அர்த்தம். பத்து நாளில் நான் கற்ற அறிவியல் கருவிகளிலேயே எனக்குப் பிடித்தது இந்தக் கோடுதான், காசே கிடையாது.

ஆமையே இருந்துவிட்டால்? அது குழி தோண்டி முடிக்கும் வரை மூச்சுக் காட்டாமல் தள்ளி உட்கார வேண்டும். முதல் ராத்திரி நான் பதற்றத்தில் பையைத் துழாவப்போய் என் கைபேசி வெளிச்சம் பளிச்சென்று அடித்துவிட்டது. கரை ஏறிக்கொண்டிருந்த ஆமை நின்றது, ஒரு பெருமூச்சு விட்டது (மாடு விடுகிற மாதிரி அவ்வளவு சத்தம்), அப்படியே திரும்பிக் கடலுக்குள் போய்விட்டது. யாரும் என்னைத் திட்டவில்லை. குழுவில் மூத்தவர் கரேன் இனத்து அண்ணன், இவருடைய முன்னோர்கள் 1925 வாக்கில் பர்மாவிலிருந்து அந்தமான் வந்தவர்கள், நோட்டை என்னிடமே நீட்டி 'ஏறியது, முட்டையிடவில்லை, காரணம் வெளிச்சம்' என்று எழுதச் சொன்னார். என் கையெழுத்திலேயே. திட்டியிருந்தால் தேவலை.

இரண்டாவது ஆமைக்கு ஒழுங்காக இருந்தேன். குழி தோண்டுவது பின் துடுப்பு. கண்ணால் பார்க்காமலே, பின்னால் என்ன நடக்கிறது என்று தெரியாமலே, ஒரு துடுப்பைச் சுருட்டி உள்ளே விட்டு மண்ணை அள்ளி, ஒரு பருக்கை சிந்தாமல் வெளியே வைத்துவிட்டு, பிறகு மறு துடுப்பு. இலையில் ரசம் சாதத்தை வழித்து எடுக்கிற கை மாதிரியே இருந்தது. இரண்டரை அடி ஆழம் வரை இப்படி. முட்டை விழ ஆரம்பித்ததும் ஆமை ஒரு மயக்கத்துக்குப் போய்விடுகிறது, அப்போது பக்கத்தில் போகலாம். எண்பதிலிருந்து நூறு நல்ல முட்டை, டென்னிஸ் பந்தைவிடச் சற்றுச் சின்னது. அதோடு கரு இல்லாத சின்னச் சின்ன முட்டைகள், சில கோலிக்குண்டு அளவுக்கு. அதை எதற்காகப் போடுகிறது என்று ஆளுக்கு ஒரு விளக்கம் சொல்கிறார்கள். அந்த இருபது நிமிஷத்துக்குள் தையல்காரர் டேப்பால் முதுகின் நீளம், அகலம் எடுக்க வேண்டும், பின் துடுப்பில் எண் போட்ட உலோக வளையம் இருக்கிறதா பார்க்க வேண்டும், தோளில் ஸ்கேனரை ஓட்ட வேண்டும். அரிசி மணி அளவு சிப் ஒன்றைத் தோள் சதையில் செலுத்தி வைப்பார்கள், ஆயுசுக்கும் இருக்கும். நாங்கள் ஓட்டியபோது 'பீப்' என்றது. பழைய நோட்டைப் புரட்டினால் மூன்று வருஷத்துக்கு முன் இதே கரையில், இதே ஆமை. நான் அந்த மூன்று வருஷத்தில் இரண்டு வீடு மாறியிருக்கிறேன்.

முட்டையிட்டு முடித்ததும் மண்ணை மூடி, பிறகு அங்கேயே சுற்றிச் சுற்றி வாரி இறைத்துக் குழி எங்கே என்று தெரியாமல் பண்ணிவிடும். என் வாய்க்குள் போன மணலை ரொம்ப நேரம் துப்பிக்கொண்டிருந்தேன்.

எஸ்.பி., திருநெல்வேலி: முதலை இல்லையா?

இருக்கிறது. உப்புநீர் முதலை, ஓடைகள் கடலில் கலக்கிற இடத்தில். அந்த இடத்தை அலை வற்றிய நேரம் பார்த்து, கூட்டமாக, டார்ச் அடித்து, கண் மின்னுகிறதா என்று பார்த்துவிட்டுத் தாண்டினோம். அங்கே மட்டும் செலோபன் தாளைக் கழற்றலாம் என்பது முகாம் விதி. நான் அந்த விதியை மிகுந்த மரியாதையோடு கடைப்பிடித்தேன்.

ம.தே., கும்பகோணம்: முட்டையிடும்போது ஆமை அழும் என்கிறார்களே, உண்மையா?

கண்ணிலிருந்து கொழகொழவென்று வழிகிறது, அதைப் பார்த்தேன். ஆனால் அது பிரசவ வேதனை இல்லை. கடலிலேயே வாழ்கிற ஆமை குடிப்பதும் தின்பதும் உப்பு, அந்த அதிகப்படி உப்பை வெளியேற்றக் கண்ணோரம் சுரப்பி இருக்கிறது. கடலுக்குள்ளும் இதே கண்ணீர்தான், அங்கே நமக்குத் தெரிவதில்லை. இதன் தீனியோ பெரும்பாலும் சொறிமுட்டை என்கிற ஜெல்லி மீன், அது முக்கால்வாசிக்கு மேல் உப்புத் தண்ணீர்தான். எனவே வழியத்தான் வேண்டும். அந்தச் சொறிமுட்டை வழுக்கிக்கொண்டு வெளியே வராமலிருக்கத் தொண்டை முழுக்க உள்நோக்கி வளைந்த முட்கள், தாழம்பூ மடல் ஓரம் மாதிரி. பிளாஸ்டிக் பையை விழுங்கினாலும் அதே முட்கள்தான், துப்ப வழியில்லை.

வி.என்., கோவை: கடலுக்குள் இருக்கிற ஆமையைச் செயற்கைக்கோள் எப்படிப் பார்க்கிறது? ஜி.பி.எஸ். தண்ணீருக்குள் வேலை செய்யாதே?

நல்ல கேள்வி, நான் போவதற்கு முன்னால் எனக்கும் இதே சந்தேகம். செயற்கைக்கோள் ஆமையைப் பார்ப்பதே இல்லை. ஆமை கூப்பிடுகிறது, அது கேட்கிறது.

முதுகில் பொருத்துகிற கருவி சோப்புக்கட்டிபோல இருக்கும், மேலே ஒரு சின்ன ஆன்டெனா. பக்கவாட்டில் இரண்டு உலோகப் புள்ளிகள். கடல் தண்ணீர் அந்த இரண்டையும் தொட்டுக்கொண்டிருக்கும்வரை உப்பு நீர் வழியாக மின்சாரம் ஓடும், கருவி வாயை மூடிக்கொண்டிருக்கும். மூச்சு விட ஆமை மேலே வந்து முதுகு காய்ந்த நொடியில் இணைப்பு அறும், கருவி விழித்துக்கொண்டு சமிக்ஞை அனுப்பும். இல்லாவிட்டால் ஆயிரம் மீட்டருக்குக் கீழேயும் போகிற பிராணி, தண்ணீருக்குள்ளேயே கத்திக் கத்தி பேட்டரியைத் தீர்த்துவிடும்.

ஏறக்குறைய 850 கிலோமீட்டர் உயரத்தில் வட துருவத்துக்கும் தென் துருவத்துக்குமாகச் சுற்றுகிற ஆர்கோஸ் செயற்கைக்கோள்கள் அதைக் கேட்கின்றன. 1978-லிருந்து நடக்கிற பிரெஞ்சு, அமெரிக்கக் கூட்டு ஏற்பாடு. இடத்தைக் கண்டுபிடிப்பது எப்படி என்றால், ரயில்வே கேட்டில் நிற்கும்போது ஹாரன் அடித்துக்கொண்டு வண்டி நெருங்க நெருங்க சத்தம் கீச்சென்று இருக்கும், தாண்டிப் போனதும் சட்டென்று தணியும் இல்லையா, அதே சங்கதி. இங்கே ஹாரன் ஆமை முதுகில் இருக்கிறது, நகர்வது கேட்கிற காது. கருவி ஒரே அலைவரிசையில்தான் அனுப்புகிறது, ஆனால் கோள் நெருங்கும்போது கொஞ்சம் கூடுதலாகவும் விலகும்போது குறைவாகவும் கேட்கும். அந்த மாறுதலை வைத்து இடத்தைக் கணக்குப் போடுகிறார்கள். கோள் தலைக்கு மேல் கடக்கிற பத்துப் பதினைந்து நிமிஷத்துக்குள் நாலைந்து சமிக்ஞையாவது கிடைத்தால் கணக்கு நன்றாக வரும். ஆமை ஒரு தடவை மூச்சு விட்டுவிட்டு அரை மணி நேரம் கீழே போய்விட்டால்? சரியாக வராது. அதனால்தான் வரைபடத்தில் சில புள்ளிகள் தரைமேல் ஆமை நடந்து போன மாதிரி விழும், அவற்றைப் பொறுக்கி எடுத்துத் தூக்கிப்போடுகிற வேலை கணினி முன் மாதக்கணக்கில் நடக்கும். யாரும் அதைப் படம் பிடிக்க வருவதில்லை.

ஜே., தூத்துக்குடி: முதுகில் துளை போட்டுக் கருவி மாட்டுவது வதை இல்லையா? உங்களுக்கு மனசு வந்ததா?

நான் போன பத்து நாளில் கருவி மாட்டவில்லை, வளையமும் சிப்பும்தான். அதனால் தப்பித்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கேள்வி நியாயமானது. கெட்டி ஓடு உள்ள ஆமைக்குப் பசையால் ஒட்டிவிடலாம், இதற்குத் தோல் என்பதால் ஒட்டாது. முன்பெல்லாம் பள்ளிக்கூடப் பை மாதிரி வார் போட்டு மாட்டினார்கள், அது தோலை உராய்ந்தது, நீந்தும்போது தண்ணீரை இழுத்தது. இப்போது முதுகின் நடு வரப்பில் மருந்து தடவிச் சின்னத் துளையிட்டுக் கட்டுகிறார்கள், இழுவை அதைவிடக் குறைவு. வலி இல்லவே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். என் கணக்கு என்னவென்றால், பத்து ஆமைக்கு மாட்டி அது எந்தக் கடலில் எந்த வலையில் போய் மாட்டுகிறது என்று தெரிந்துகொள்வது சரி. அழகான வரைபடம் வேண்டும் என்பதற்காக வருஷா வருஷம் மாட்டிக்கொண்டே இருப்பது சரியில்லை.

பள்ளி ஆசிரியை, விழுப்புரம்: கருவி மாட்டிய ஆமைகள் எங்கே போயின? என் வகுப்புப் பிள்ளைகள் கேட்கிறார்கள்.

பிள்ளைகளிடம் உலகப் படத்தை எடுக்கச் சொல்லுங்கள். லிட்டில் அந்தமானில் விரலை வைக்கட்டும்.

பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் கார்த்திக் சங்கர் குழுவும் தக்ஷிண் அறக்கட்டளையும் சேர்ந்து 2011-லிருந்து 2014 வரை பத்து ஆமைகளுக்குக் கருவி மாட்டினார்கள். எல்லாம் ஒரே தீவில் முட்டையிட்டவை. நாம் என்ன நினைப்போம், ஒரே ஊர்க்காரர்கள், ஒரே பக்கம்தான் போவார்கள் என்று. சில தென்கிழக்கே சுமத்ரா, ஜாவா பக்கமாக இறங்கி ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையை நோக்கிப் போயின. சில நேர் எதிராக, இந்தியப் பெருங்கடலை அகலவாக்கில் தாண்டி ஆப்பிரிக்கா பக்கம். அதில் ஒன்று மொசாம்பிக் கரை வரை போய்ச் சேர்ந்தது. ஒன்பது மாதத்துக்குள் 13,000 கிலோமீட்டருக்கு மேல். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு ஒன்பது தடவை போய் ஒன்பது தடவை திரும்பினாலும் அந்தத் தூரம் வராது, நாளுக்கு ஐம்பது கிலோமீட்டர் வாக்கில், வழியில் டீக்கடை கிடையாது.

பிறகு கருவி நின்றுவிடும். பேட்டரி தீர்ந்திருக்கலாம், ஆன்டெனா ஒடிந்திருக்கலாம், மேலே சிப்பி படிந்திருக்கலாம், கழன்று விழுந்திருக்கலாம், ஆமை வலையில் மாட்டியிருக்கலாம். திரையில் எல்லாமே ஒன்றுபோலத்தான் தெரியும், கடைசிப் புள்ளிக்கு அப்புறம் அடுத்த புள்ளி வராது. உங்கள் பிள்ளைகள் 'ஆமை செத்துப்போச்சா டீச்சர்' என்று கேட்பார்கள். செத்திருக்கணும் என்று இல்லை என்று சொல்லுங்கள். இரண்டு மூன்று வருஷம் கழித்து யாரோ ஒருவர் ஸ்கேனரைத் தோளில் ஓட்டி 'பீப்' கேட்டால்தான் தெரியும்.

கே.ஆர்., சேலம்: பத்து நாளில் மொத்தம் எத்தனை ஆமை பார்த்தீர்கள்? உண்மையைச் சொல்லுங்கள்.

நாலு. அதில் ஒன்று நான் துரத்திவிட்டது. ஆறு ராத்திரி ஒன்றுமே இல்லை.

அந்த ஆறு ராத்திரியும் ஏழரைக்குக் கிளம்பி விடியும் வரை நடந்துவிட்டு வந்து, நோட்டில் தேதி, கிளம்பிய நேரம், திரும்பிய நேரம், நடந்தவர் பெயர், மழையா காற்றா எல்லாம் எழுதி, தடம் என்கிற கட்டத்தில் '0' போட வேண்டும். எனக்கு முதலில் இது அபத்தமாகப் பட்டது. எதுவும் இல்லாததை எதற்காக எழுதணும்? மூன்றாவது பூச்சியத்தில் கேட்டும்விட்டேன். அங்கே இருந்த ஆராய்ச்சி மாணவி, என் மகள் வயதுதான் இருக்கும், சொன்னாள்: "அங்கிள், காலியா விட்டா ஆமை வரலியா, நீங்க நடக்கலியான்னு அடுத்த வருஷம் யாருக்குத் தெரியும்?"

2004 டிசம்பர் 26 அன்று சுனாமியைக் கிளப்பிய பூகம்பத்தில் கிரேட் நிக்கோபார் தென்முனை நாலு மீட்டர் அளவுக்கு இறங்கியது, இந்திரா முனை கலங்கரை விளக்கத்தின் அடி இன்றும் கடலுக்குள் நிற்கிறது. ஆமை ஏறிய மணல் கரைகள் அப்படியே போயின, அங்கே முகாமிட்டிருந்த ஆய்வாளர்கள் உயிரிழந்தார்கள். அப்புறம் கடல் மெல்ல மெல்ல மணலைக் கொண்டுவந்து கொட்டி, புதுக் கரை உண்டாகி, ஆமைகள் திரும்ப ஏறின. ஏறின என்று எப்படித் தெரியும்? சுனாமிக்கு முன்னால் கிரேட் நிக்கோபாரில் எண்ணிய நோட்டு இருந்ததால். லிட்டில் அந்தமானில் 2008 வாக்கில் ஆரம்பித்து விடாமல் எண்ணுகிறார்கள். செய்தித்தாளில் வருவது மொசாம்பிக் போன ஆமை. ஆனால் நாளைக்கு இந்தக் கரையில் ஆமை குறைகிறதா கூடுகிறதா என்று ஒருவர் கேட்டால் பதில் சொல்லப்போவது பூச்சியம் போட்ட நோட்டுகள்தான். என் ஆறு பூச்சியமும் அதில் இருக்கிறது, கொஞ்சம் கர்வத்தோடுதான் சொல்கிறேன்.

ப.மு., ஈரோடு: உலகத்தில் வேறு தீவுகளிலும் இப்படி ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகிறார்களா?

போகிறார்கள். எனக்கு ஆசை இருப்பது அமெரிக்காவில் சுப்பீரியர் ஏரிக்கு நடுவே இருக்கிற ஐல் ராயல் தீவு. அங்கே ஓநாயையும் மூஸ் என்கிற ராட்சத மானையும் 1958-லிருந்து விடாமல் பின்தொடர்கிறார்கள், வேட்டையாடுகிற மிருகத்தையும் இரையையும் சேர்த்து இவ்வளவு காலம் கவனித்த இடம் உலகத்தில் வேறு இல்லை. பனி உறைந்த ஏரி மேல் நடந்து 1940-களின் கடைசியில் ஓநாய் அங்கே வந்து சேர்ந்தது. பிற்காலத்தில் ஏரி அடிக்கடி உறையாமல் போக, புது ஓநாய் வரவில்லை, உள்ளுக்குள்ளேயே இனப்பெருக்கம், கடைசியில் இரண்டே இரண்டு மிச்சம். 2018, 2019-ல் வெளியிலிருந்து 19 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். தொண்டர்களுக்கு அங்கே என்ன வேலை தெரியுமா? வாரம் முழுக்கக் காட்டில் மூட்டை சுமந்து நடந்து செத்த மூஸின் எலும்பு பொறுக்குவது. பல்லை வைத்து வயது சொல்லலாம், இடுப்பு எலும்பைப் பார்த்தால் மூட்டுவலி இருந்ததா என்று தெரியும். காசு கொடுத்துவிட்டுப் போய் எலும்பு பொறுக்குகிறார்கள் என்று வீட்டில் சொன்னேன், பேச்சு அதோடு முடிந்தது.

இல்லத்தரசி, தஞ்சாவூர்: குளியல், கழிப்பறை எல்லாம்? பெண்கள் போக முடியுமா?

போகிறார்கள், நான் இருந்தபோது இரண்டு பெண்கள் இருந்தார்கள், என்னைவிட வேகமாக நடந்தார்கள். மறைப்புக் கட்டிய குழிக் கழிப்பறை, வாளித் தண்ணீர். குடிக்கக் காய்ச்சிய ஓடைத் தண்ணீர், அதில் எப்போதும் புகை வாசனை. பத்தாவது நாள் போர்ட் பிளேரில் பில்டர் தண்ணீர் குடித்தபோது சப்பென்று இருந்தது.

ஒரு தந்தை, மயிலாடுதுறை: என் மகள் இந்தப் படிப்புதான் படிப்பேன் என்கிறாள். எங்கே சேர்க்கலாம்? வேலை கிடைக்குமா?

உங்கள் ஊரிலேயே மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியில் வனவிலங்கு உயிரியல் இருக்கிறதே ஐயா! ஊட்டி அரசு கலைக் கல்லூரியிலும் உண்டு. அதற்கு மேல் டேராடூன் இந்திய வனவிலங்கு நிறுவனம், பெங்களூர் என்.சி.பி.எஸ். என்கிற தேசிய உயிரியல் அறிவியல் மையம். வேலை கிடைக்கும், ஆனால் பல வருஷம் திட்டத்துக்குத் திட்டம் ஒப்பந்த வேலையாகவே ஓடும், சம்பளமும் மெதுவாகத்தான் ஏறும், இதை மறைக்கக் கூடாது. புள்ளியியல் பிடிக்குமா என்று மகளிடம் கேளுங்கள். காட்டில் ஒரு மாதம் என்றால் கணினி முன் ஐந்து மாதம். அதற்கும் சரி என்றால் தடுக்காதீர்கள்.

ஏ.எம்., புதுச்சேரி: கிரேட் நிக்கோபாரில் துறைமுகம் வருகிறதே, ஆமைகள் கதி?

துறைமுகம் வரப்போவது கலாத்தியா விரிகுடாவில். தோல்முதுகு ஆமைக்கு வட இந்தியப் பெருங்கடலில் இருக்கிற முக்கியமான கரைகளில் அது ஒன்று. 1997-ல் சரணாலயமாக அறிவித்தார்கள், 2021 ஜனவரியில் அந்த அறிவிப்பை ரத்து செய்தார்கள், 2022-ல் திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்தார்கள். ஆமைக்கு வேறு கரைகளை ஒதுக்குகிறோம் என்கிறார்கள். ஒதுக்கலாம், ஆனால் எந்தக் கரையில் ஏறுவது என்பதை ஆமைதான் முடிவு செய்யும், அதற்கு அரசாணை படிக்கத் தெரியாது. நான் ஒரே ஒரு கைபேசி வெளிச்சத்தில் ஒரு ஆமையைத் திருப்பி அனுப்பியவன். துறைமுகத்தில் எத்தனை விளக்கு எரியும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ர.சு., காரைக்குடி: எல்லாம் சரி, அங்கே உங்களுக்கு ரொம்பப் பிடிக்காதது எது?

சாண்ட்ஃப்ளை என்கிற மணல் ஈ. கண்ணுக்கே தெரியாது, கடிக்கும்போதும் உறைக்காது, மறுநாள்தான் ஆரம்பிக்கும். தேங்காய் எண்ணெய் தடவினால் ஒட்டிக்கொண்டு சாகும் என்றார்கள், தடவினேன், மணல்தான் ஒட்டியது. வந்து மூன்று வாரம் ஆகிறது, இந்தப் பதிலை ஒரு கையால்தான் தட்டச்சு செய்கிறேன்.